கோப்பு திறந்தது, தமிழ் திறக்கவில்லை



சென்ற காலாண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருந்தவர்களுக்கு நடந்தது நினைவிருக்கும். வராதவர்களுக்காக மீண்டும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

தரைத்தளத்தில் குடியிருக்கும் அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "2007-ல போர் வத்திப் போச்சு. புது போர் போட சங்கத்துல காசு இல்ல. எங்க வீட்டுக்காரர்தான் முப்பத்தஞ்சாயிரம் எடுத்துக் குடுத்தார். மாசாமாசம் மெயின்டெனன்ஸ்ல கழிச்சுக்கிறோம்னு தீர்மானம் போட்டீங்க. இப்ப நோட்டீஸ் போர்டுல என் பேரைப் பாக்கிக்காரங்க பட்டியல்ல ஒட்டியிருக்கீங்களே, அந்தப் பணம் எங்கய்யா போச்சு?"

அவருடைய கணவர் இப்போது இல்லை. ரசீதும் இல்லை. 2007-ஆம் ஆண்டுத் தீர்மானப் புத்தகம் மோட்டார் அறை அலமாரியில் இருந்தது. கரையான் நமக்கு முன்பே அதைப் படித்து முடித்திருந்தது. நல்லவேளையாக அப்போதைய செயலாளர் கணினி ஆர்வலர். கூட்ட நடவடிக்கைகளைத் தட்டச்சு செய்து ஒரு சி.டி.யில் போட்டு வைத்திருந்தார். சி.டி.யைத் தேடி எடுத்தோம். சி.டி. படிக்கும் கணினியைத் தேடியது தனிக்கதை. இரண்டாம் தளத்து பாய் வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தது. கோப்பு திறந்தது. எல்லோரும் திரையை எட்டிப் பார்த்தோம்.

தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், அடைப்புக்குறிகள், நடுநடுவே மேலே கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். பூச்சி மருந்து அடித்த பிறகு தரையில் கிடக்கும் பூச்சிகள் போல. அந்தக் குப்பைக்கு நடுவில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: 35,000. எண்கள் மட்டும் தப்பித்திருந்தன. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, எப்படித் திருப்புவது என்பதெல்லாம் அந்தப் பூச்சிகளுக்குள் இருந்தது.

அம்மா எதுவும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நமக்கும் பேச்சு வரவில்லை. 2007-இல் எழுதியதை அதே ஊரில், அதே மொழிக்காரர்கள் படிக்க முடியவில்லை. இது எப்படி நடந்தது? அதைத் தேடப் போய்க் கிடைத்த கதைதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு சி.டி. இருக்கலாம் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

247 எழுத்தும் ஒரு சின்ன விசைப்பலகையும்

தொல்லை கணினியில் தொடங்கவில்லை, தட்டச்சுப் பொறியிலேயே தொடங்கிவிட்டது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள் என்று பள்ளியில் படித்தோம். ஆங்கிலத்துக்குச் செய்த பொறியில் ஐம்பதுக்கும் குறைவான விசைகளே உண்டு. ஒவ்வொன்றிலும் மேலொன்று கீழொன்று என்று வைத்தாலும் நூறு குறிகளைத் தாண்டாது. தமிழை எப்படி அதற்குள் அடைப்பது?

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போன ஆர். முத்தையா 1930-களில் இதற்கு வழி கண்டார். எழுத்தை முழுதாக வைக்காமல் துண்டுகளாக்கினார். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. வேண்டியதைச் சேர்த்து அடித்துக்கொள்ளலாம். அவர் வகுத்த பொறி ஜெர்மனியில் தயாராகி வந்தது. அதன் வழிவந்த பொறிகளில்தான் நம்மூர்த் தட்டச்சுப் பள்ளிகளில் லோயர், ஹயர் படித்தவர்கள் எல்லாம் பழகினார்கள். நம் குடியிருப்பிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். "ல்" என்று அடிக்க வேண்டுமானால் முதலில் புள்ளி, பிறகுதான் "ல". புள்ளி விசையைத் தட்டினால் உருளை நகராது. அதே இடத்தில் எழுத்து வந்து உட்காரும். கையால் எழுதுவதற்கு நேர் தலைகீழ். ஆனாலும் விரல்கள் பழகிவிட்டன.

இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரப்போவது இதுதான். கருவி நம் எழுத்துக்காகச் செய்யப்பட்டதாக இருக்காது. நம் ஆட்கள் ஏதாவது ஒரு குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள். அந்தக் குறுக்குவழியே பிறகு பழக்கமாகிவிடும்.

இயந்திரத்துக்காக எழுத்தே மாறிய காலமும் உண்டு. பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் புழங்கத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை, எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஆணையாக்கியது. லை, னை, ணை முதலியவை அதுவரை தும்பிக்கை போட்டு எழுதப்பட்டவை. ணா, றா, னா ஆகியவையும் சுருட்டிக்கொண்டு நின்றவை. அவற்றை மற்ற எழுத்துகளைப் போல ஆக்கியதில் அச்சுக்கும் தட்டச்சுக்கும் வேண்டிய குறிகள் குறைந்தன. அறுபது வயதைத் தாண்டியவர்கள் இன்றும் கையெழுத்தில் அந்தத் தும்பிக்கையை விடுவதில்லை.

ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி

இனி கணினிக்கு வருவோம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். நாம் ஒரு விசையைத் தட்டினால் அது ஓர் எண்ணைச் சேமித்து வைக்கிறது. அந்த எண்ணுக்கு எந்தப் படத்தைத் திரையில் காட்டுவது என்பதை எழுத்துரு, அதாவது ஃபான்ட், முடிவு செய்கிறது. தொடக்க காலக் கணினிகளில் இப்படி 256 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் போக மிச்சமிருந்த இடங்களை ஐரோப்பிய எழுத்துகள் பிடித்துக்கொண்டன. தமிழுக்கு என்று யாரும் இடம் போட்டு வைக்கவில்லை.

இடம் கிடைக்காத பேருந்தில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோம் இல்லையா, அதைத்தான் தமிழர்கள் செய்தார்கள். ஆங்கில எழுத்து உட்கார்ந்திருந்த இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 1984-இல் 'ஆதமி' என்ற மென்பொருளை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். இலங்கைத் தமிழர்களிடையே 'பாமினி' பரவியது. இவர்களில் பலருக்கு இது சம்பள வேலை இல்லை. அம்மாவுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டும், ஊர்ச் சங்கத்துக்கு ஓர் அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டும் என்பது போன்ற தேவைகள்தான்.

பாமினியை வைத்து ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும். அதில் 'தமிழ்' என்று வர வேண்டுமானால், ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் தட்ட வேண்டும். ஜே இருக்கும் இடத்தில் 'த', கே இடத்தில் 'ம', பி இடத்தில் இகரக் கொக்கி, ஓ இடத்தில் 'ழ', அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி. திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். ஆனால் கோப்புக்குள் சேமிக்கப்பட்டிருப்பது அந்த நான்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அவையே தெரியும். நம் தீர்மானத்துக்கு நடந்தது இதுவேதான், எழுத்துரு மட்டும் வேறு.

திண்டுக்கல்காரர்களுக்கு இதைப் பூட்டை வைத்துச் சொல்வது எளிது. ஒரு பட்டறைச் சாவி இன்னொரு பட்டறைப் பூட்டைத் திறக்கக்கூடாது என்பதில்தான் நம்மூர்ப் பூட்டின் பெயரே இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியதும் அந்தப் பெயரால்தான். ஆனால் எழுத்துக்கும் அப்படியொரு பூட்டு தேவையா? ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் 'க'வை ஒவ்வோர் இடத்தில் வைத்தது. கோப்பு பூட்டு, எழுத்துரு சாவி. சாவி போனால் பூட்டு பயனில்லை.

1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் டி.டி.பி. சென்டருக்குப் போய்க் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு கடையில் தட்டச்சு செய்த பத்திரிகையை இன்னொரு கடைக்குக் கொண்டுபோனால் பெண்ணும் மாப்பிள்ளையும் அடைப்புக்குறிகளாக மாறியிருப்பார்கள். அதற்கு ஒரு வழி இருந்தது. ஃபிளாப்பியில் கோப்போடு எழுத்துருவையும் சேர்த்துப் போட்டு எடுத்துப் போவது. இன்னொரு வழி, பக்கத்தைப் படமாக மாற்றி அனுப்புவது. படமாகிவிட்டால் யாரும் படிக்கலாம். ஆனால் ஒரு பிழையைத் திருத்த வேண்டுமானால் முதலிலிருந்து தட்ட வேண்டும்.

இணையம் வந்தது, சாவிக்கொத்தும் வந்தது

1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலானோர் முயற்சியில் தமிழ் இணையத்தில் ஏறியது. ஆங்கிலம் அல்லாத மொழிகள் இணையத்தில் மிகக் குறைவாகவே இருந்த காலம் அது. தமிழ் முன்வரிசையில் நின்றது நமக்குப் பெருமை. 1998 பொங்கல் அன்று கல்யாணசுந்தரமும் நண்பர்களும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள்.

ஆனால் பத்திரிகைகளின் இணையதளங்களை அந்தக் காலத்தில் திறந்தவர்களுக்கு ஒரு வரி மறந்திருக்காது. முகப்பில் தமிழுக்குப் பதில் பூச்சிகள், ஓரத்தில் 'எழுத்துருவை இங்கே இறக்கிக்கொள்ளவும்' என்று ஓர் இணைப்பு. ஒரு தளத்தின் எழுத்துரு இன்னொரு தளத்துக்கு உதவாது. காலையில் நாலு பேப்பர் பார்க்க நாலு சாவி வேண்டும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது எழுத்துரு இறங்கும் வரை காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

இதற்கு முடிவு கட்டத்தான் 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் 'தமிழ் 99' என்ற விசைப்பலகையையும் ஏற்றது. முதலாவது தமிழுக்கு மட்டும், இரண்டாவது தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து எழுத. இதே காலத்தில் இணையத்தில் கூடிப் பேசிய தன்னார்வலர்கள் 'திஸ்கி' என்று இன்னொரு பொது முறையை உருவாக்கினார்கள். ஒரே சாவி வேண்டும் என்று பேசத் தொடங்கி, கடைசியில் மூன்று பொதுச் சாவிகள். பழைய தனிச்சாவிகளும் அப்படியே இருந்தன. பல அரசு அலுவலகங்களில் வானவில் ஔவையார் எழுத்துருதான் நெடுங்காலம் புழங்கியது.

தமிழ் 99 விசைப்பலகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இது ஆங்கிலப் பொறியில் தமிழைத் திணித்ததல்ல, தமிழின் இயல்பைப் பார்த்து வகுத்தது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ண-வை அடுத்து ட, ம-வை அடுத்து ப என்று இன எழுத்துகள் சேர்ந்து வந்தாலும் புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். நம் ஊர்ப் பெயரையே தட்டிப் பாருங்கள்: த, இ, ண, ட, உ, க, க, ல, புள்ளி. 'திண்டுக்கல்' வந்துவிடும். மூன்று புள்ளி உள்ள சொல்லுக்கு நாம் தட்டியது ஒரே ஒரு புள்ளி. 'பேகம்பூர்' எழுதும்போதும் 'ம்' தானாக வரும். இன்றும் பல கைபேசிகளில் இந்த விசைப்பலகை உண்டு. ஒரு வாரம் பழகினால் ஆங்கில வழித் தட்டச்சுக்குத் திரும்ப மாட்டீர்கள்.

பொதுச்சாவி

இந்தப் பூசலுக்கு வெளியே இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுப்பது, எந்த எண்ணையும் இரண்டு எழுத்து பகிராமல் இருப்பது என்ற திட்டம். அதுதான் யூனிகோடு, தமிழில் ஒருங்குறி. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 'க' என்றால் உலகில் எந்தக் கணினியிலும் அதே எண்தான். இனி அந்த இடத்தில் ஆங்கில எழுத்து வந்து உட்கார முடியாது.

குறை இல்லாமல் இல்லை. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தராமல், 'கெ' என்பதைக் க, எகரக் கொம்பு என்று இரண்டு எண்களாகப் பிரித்தது. இந்திய அரசின் பழைய இஸ்கி முறையைப் பின்பற்றியதால் வந்த விளைவு இது. நம் கண்ணுக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் 'பேகம்பூர்' கணினிக்கு ஒன்பது எண்கள். இதை எதிர்த்துத் தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் நெடுநாள் வாதாடினார்கள். முழு எழுத்துகளுக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்ற முறை அதன் விளைவு. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ்நாடு அரசு யூனிகோடு, டேஸ் 16 இரண்டையும் தரமாக ஆணையிட்டது. ஆனால் உலகமும் கைபேசிகளும் போன வழி யூனிகோடுதான்.

1991-க்கும் 2010-க்கும் நடுவில் பத்தொன்பது ஆண்டுகள். நம் குடியிருப்பின் 2007 தீர்மானம் இந்த இடைவெளியில்தான் எழுதப்பட்டது. செயலாளர் மீது குற்றம் இல்லை. விண்டோஸ் 2000-இலேயே 'லதா' எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அடுத்து வந்த எக்ஸ்.பி.யில் அதை இயக்க வேண்டுமானால் அமைப்புகளுக்குள் போய், மொழிப் பகுதியைத் தேடி, ஒரு கட்டத்தில் குறியிட்டு, விண்டோஸ் சி.டி.யைப் போட வேண்டும். அந்த சி.டி. எத்தனை வீட்டில் இருந்தது? இந்தத் தடையைத் தாண்ட உதவியவர்களும் தனி ஆட்கள்தான். 2000-இல் விஸ்வநாதன் உருவாக்கிய அழகி, பிறகு வந்த இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகியவை இலவசமாகக் கிடைத்ததால்தான் ஆயிரக்கணக்கானவர்கள் யூனிகோடில் எழுதத் தொடங்கினார்கள்.

கையில் போன், கண்ணில் கட்டம்

கணினியில் ஒருவழியாகத் தெளிந்த தமிழ், கைபேசியில் மறுபடியும் கலங்கியது. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் போகும். தமிழில் எழுதினால் 70 தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'வணக்கம்' என்ற ஒரு சொல்லே ஏழு இடத்தைச் சாப்பிட்டுவிடும். நலம் விசாரித்து முடிப்பதற்குள் இரண்டாவது எஸ்.எம்.எஸ். கட்டணம் விழும். அனுப்பினாலும் எதிராளியின் போனில் வரிசையாகக் கட்டங்கள் தெரியும்.

முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005 பொங்கலில் சிங்கப்பூரில் வெளியாகித் தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்ப வழி செய்தது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் எடுத்தது எளிய வழி. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினோம். 'சாப்பிட்டாச்சா' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டியது ஆங்கில மோகத்தால் மட்டும் இல்லை. எஸ்.எம்.எஸ். காசும் கட்டம் காட்டும் திரையும் நம்மை அங்கே தள்ளின. இன்று தடை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி வருவதை இன்றும் ஆங்கில எழுத்தில்தான் அறிவிக்கிறோம். முதல் தளத்துப் பாட்டி பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறார். தமிழ் தெரிந்த அவருக்கு எழுத்து தெரியாமல் போய்விட்டது.

இணையம் பார்க்க இன்னொரு வித்தை இருந்தது. இளைஞர்களாக இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒப்பெரா மினி உலாவி. அதன் மறைவான அமைப்புப் பக்கத்தில் ஒரு வரியை 'ஆம்' என்று மாற்றினால், தமிழ் எழுத்துகளை அவர்களுடைய சர்வரே படமாக்கி அனுப்பும். தமிழே தெரியாத சின்ன போனிலும் தமிழ்ச் செய்தி படிக்கலாம். ஃபிளாப்பி காலத்தில் பக்கத்தைப் படமாக்கி அனுப்பிய அதே யுக்தி. ஆண்ட்ராய்டின் தொடக்க காலப் போன்களிலும் கட்டங்கள்தான். நான்காம் வரிசை வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்தது. 2016-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐஎஸ் 16333 தரத்தின் மூன்றாம் பகுதி, இங்கே விற்கும் கைபேசிகள் அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் படிக்கும்படி காட்ட வேண்டும் என்றது. 2017-இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் வந்தது. கண் மங்கியவர்கள் பேசியே எழுதுகிறார்கள்.

நம் கோப்பு திறந்த கதை

இனி நம் தீர்மானத்துக்கு வருவோம். கோப்பைத் திறந்தபோது மேலே எழுத்துருப் பெட்டியில் அந்த எழுத்துருவின் பெயர் மட்டும் தெரிந்தது. பெயர் இருக்கிறது, சாவி இல்லை. மூன்றாம் தளத்துக் கல்லூரித் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினார். பழைய டி.டி.பி. தொழில் செய்த ஒருவரின் கணினியில் அந்த எழுத்துரு கிடைத்தது. அதைப் போட்டதும் பூச்சிகள் எல்லாம் தமிழாயின. பிறகு இணையத்தில் கிடைக்கும் இலவச எழுத்துரு மாற்றி ஒன்றின் உதவியால் எல்லாக் கோப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றினார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அம்மாவின் கணவர் பெயரைத் தேடினால் 'இல்லை' என்றது. காரணம், பெயரின் தொடக்கத்தில் இருந்த 'ஸ்ரீ'. இந்த ஒரு எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேர்க்கலாம். ஸ-வை வைத்து ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வை வைத்து இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரி. கணினிக்கு வேறு வேறு. கோப்பில் ஒன்று, நாங்கள் தட்டியது மற்றொன்று. கடைசியில் 35,000 என்ற எண்ணைத் தேடித்தான் அந்தப் பக்கத்தைப் பிடித்தோம். இதேபோல 'ஔ' எழுத வேண்டிய இடத்தில் 'ஒ'-வும் 'ள'-வும் சேர்த்துத் தட்டுவதும் தட்டச்சு காலத்துப் பழக்கம். பார்வைக்குத் தெரியாது, தேடினால் கிடைக்காது.

தீர்மானத்தில் இருந்தது இதுதான். 2007-இல் அவர் 35,000 ரூபாய் கொடுத்தது உண்மை. மாதம் 500 வீதம் மெயின்டெனன்ஸில் கழிப்பதாகத் தீர்மானித்ததும் உண்மை. அடுத்தடுத்த கணக்குகளைப் படித்ததில் 2007 செப்டம்பர் முதல் 2009 ஜூன் வரை 22 மாதங்கள் கழித்திருக்கிறார்கள். அதாவது 11,000. அதன்பின் பொருளாளர் மாறினார், கணக்கு வேறு கணினிக்குப் போனது, பழைய கோப்பைப் புதியவரால் படிக்க முடியவில்லை, கழிப்பது நின்றுவிட்டது. மீதி 24,000 ரூபாய் இன்றும் சங்கத்திடம் இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் கணக்குப் பார்த்தார். "பதினோராயிரம் கழிச்சது எனக்குத் தெரியாதுங்க. அவர்தான் கணக்கு பார்ப்பார். முழுசா வரணும்னு நான் கேட்டது தப்புதான்" என்றார். தப்பு அவர் பக்கம் மட்டும் இல்லை. அவர் பெயரைப் பாக்கிப் பட்டியலில் ஒட்டியது நாம். செயற்குழு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அவருடைய நிலுவையை 24,000-இல் கழித்துக்கொள்ளத் தீர்மானம் போட்டிருக்கிறது. இந்த முறை யூனிகோடில் தட்டச்சு செய்து, தாளிலும் அச்செடுத்து, கரையான் ஏறாத இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

குறுக்குவழிகளைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவர்கள் இல்லாவிட்டால் திரையில் தமிழே வந்திருக்காது. ஆனால் குறுக்குவழியில் போனவர் பின்னால் வருபவருக்கு வழி சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாம் அதைச் செய்யத் தவறினோம். ஒரு குடும்பம் காரணம் இல்லாமல் பாக்கிக்காரர்கள் ஆனது.

அதனால் உங்களிடம் கேட்பது நான்கு காரியங்கள்தான்.

ஒன்று, வீட்டில் பழைய சி.டி., பென் டிரைவ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாகப் பிரிவினை வரைவு, வாடகை ஒப்பந்தம், அப்பா எழுதிய குடும்ப வரலாறு எதுவாகவும் இருக்கலாம். பூச்சிகளாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு எங்களிடம் கொண்டு வாருங்கள்.

இரண்டு, பி.டி.எஃப். கோப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும் தமிழ் பி.டி.எஃப்.பிலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டினால், பல நேரம் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய் விழும். தட்டச்சு செய்த மூலக் கோப்பையும் சேர்த்து வையுங்கள்.

மூன்று, முக்கியமான தாளில் தேதியையும் தொகையையும் எண்ணால் எழுதுங்கள். எல்லாம் அழிந்தாலும் எண் தப்பிக்கும் என்பதை 35,000 காட்டிவிட்டது.

நான்கு, குழுவில் தண்ணீர் லாரி, மின்தடை, கூட்ட அறிவிப்புகளைத் தமிழ் எழுத்தில் போடுங்கள். தட்டத் தெரியாவிட்டால் பேசுங்கள், போன் எழுதிக்கொள்ளும். முதல் தளத்துப் பாட்டி பேரனுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் பழைய கணினியோடு தம்பி உட்கார்ந்திருப்பார். பாய் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய அதே கணினிதான். சி.டி.யைக் கொண்டு வருபவர்களுக்குத் தேநீர் உண்டு. தரைத்தளத்து அம்மாவே போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.